மூச்சுத் தகடு

என் தம்பி செல்வின் அன்று வந்தது காலையிலா, மதியத்திலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சமையலறைப் பெட்டியைத் திறந்து தகட்டை எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. நிக்கல் துகள் படிந்த, கைக்குட்டை அளவுத் தகடு. அதுதான் தண்ணீரைப் பிரித்து, அடுப்புக்கு ஹைட்ரஜனும் அப்பாவின் மூக்குக் குழாய்க்கு ஆக்ஸிஜனும் தந்துகொண்டிருந்தது.

"கழுவி மாட்டித் தாரேன்க்கா. நீ போய் மீன் வாங்கிட்டு வா. நீ பக்கத்துல நின்னா எனக்கு ஸ்குருகூடக் கழலாது," என்று சிரித்தான்.

அந்த வாரமே சோறு வேக நேரம் பிடித்தது. அப்பாவுக்கு இரைத்தது. புதுத் தகடு மழைக்குப் பிறகுதான் வரும் என்றார்கள். அதற்குள் அப்பா போய்விட்டார்.

பிறகு வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்து, "இது செத்த தகடும்மா. யாரோ மாத்திருக்காங்க," என்றார்.

செல்வின் வீட்டுக்குப் போனேன். குறைமாதத்தில் பிறந்த அவன் மகள் மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமேடா."

"அப்பாதான்க்கா எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. உன்கிட்டச் சொன்னா நீ விடமாட்டியாம்."

அப்பாவுக்கு இரைத்த அத்தனை நாளும் அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அப்பாவை அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். குழந்தை பிழைத்துக்கொண்டாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். செல்வின் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு அவளிடம் கேக் கொடுத்தனுப்புவான். நான் வாங்கிக்கொள்வேன். அவனோடு பேசுவதில்லை.