இடம் மாறிய எண்கள்

மேனேஜர் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் புரோகிராமர் அவர் அறைக்கு ஓடினார்.

“ஆட்குறைப்பு உத்தரவு அனுப்ப ஒரு வெப் பக்கம் எழுதினியே, அதுல என்னய்யா பண்ணி வெச்சிருக்க?”

“ஏன் சார்? டேட்டாபேஸ்ல உத்தரவைத் தயாரிக்கிற குவரி, அதாவது கட்டளை, ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கு. என் பக்கம் அதுக்கு ரெண்டு எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். முதல்ல வேலையை விட்டுப் போறவர் எண், அடுத்தது கையெழுத்துப் போடறவர் எண்.”

“காலையில நாப்பது பேர் பட்டியலை ஏத்தி, நானேதான் பட்டனை அமுக்கினேன். வந்திருக்கிறதைப் படி.”

புரோகிராமர் தாள்களை வாங்கிப் படித்தார். எண்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. நாற்பது பேரும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கியிருந்தார்கள்.

“மன்னிச்சிடுங்க சார், வரிசையை மாத்தி எழுதிட்டேன். இப்பவே ரத்து பண்ணிடறேன்.”

“கையெழுத்துப் போட்டவங்க ஒத்துக்கிட்டாதான் ரத்தாகுமாம். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்தா, என் அடையாள அட்டைக்கு வாசல் கதவுகூடத் திறக்கல. வாட்ச்மேன் தயவுல உள்ளே வந்திருக்கேன். முதல்ல நீ ஒரு கையெழுத்துப் போடு.”

“நான் எதுக்கு சார்?”

மேனேஜர் கடைசித் தாளையும் ஒரு பேனாவையும் நீட்டினார். தாளின் அடியில் புரோகிராமரின் பெயர் இருந்தது.

அந்த நாற்பதில் தானும் ஒருவன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேனாவை வாங்கி மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அதுவரை நின்றிருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“யோசிச்சுச் சொல்றேன். நீங்க வெளியில உட்காருங்க, கூப்பிட்டு அனுப்பறேன்.”