பிரிவுபசாரப் படம்

"நான் நிக்க மாட்டேன். ஆளை விடும்!"

சரித்திர வாத்தியார் வள்ளிநாயகம் இப்படிக் கத்திவிட்டு, பள்ளிக்கூட முற்றத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல இருந்தது.

போட்டாக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து விழித்தார். மற்ற வாத்தியார்கள் எல்லாரும் வரிசையாக நின்றாயிற்று. நடுநாற்காலியில் மாலையும் கழுத்துமாகக் கணக்கு வாத்தியார் ஆறுமுகப்பெருமாள். ஆப்பிரிக்காவில் இருக்கிற அபிசீனியாவில் அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை குடும்பத்தோடு பயணம்.

"சரி, முதல்ல கூட்டம் நடக்கட்டும். படம் பொறவு எடுக்கலாம்" என்றார் பள்ளிக்கூட மானேஜர் குலசேகரன் பிள்ளை.

பெண்கள் பெஞ்சில் இருந்த ஆறுமுகப்பெருமாளின் மனைவி தாணம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியளா அக்கா? போற சமயத்திலகூட அந்த மனுசனுக்கு மனசு வரல்லியே!"

ஹெட்மாஸ்டர் சம்சாரம் அழகம்மை அவள் காதோரம் குனிந்தாள்.

"பின்னெ வயிறு எரியாதா தாணம்மா? ரெண்டு பேருந்தான மனுப் போட்டாவ? உன் மாப்பிள்ளைக்குக் கெடைச்சுது, அவருக்குக் கெடைக்கல்ல."

"அதுக்கு முன்னால மட்டும் என்ன வாழ்ந்துது? தெனமும் சண்டை. இவிய வடக்குன்னா அந்த ஆளு தெக்கு."

"கண்ணு போட்டிருவாரு. வீட்டுக்குப் போனதும் மொளகாய் சுத்திப் போடு."

தாணம்மாளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவள் புருஷனிடம் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், போட்டிருக்கிற சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிடுவார். ராஜினாமா கொடுத்தாயிற்று. வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. பசுவை விற்றாயிற்று. உப்புமாங்காயைப் பீங்கான் பரணியில் போட்டுக் கட்டியாயிற்று. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வேலை மூன்று தடவை அவர் வாசல்வரை வந்து, மூன்று தடவையும் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது. இப்போதுதான் ஒரு கதவு திறந்திருக்கிறது. கப்பல் ஏறும்வரை மனசு மாறாமல் இருக்க வேண்டுமே என்று இசக்கியம்மனுக்கு நேர்ந்திருந்தாள்.

கூட்டம் தொடங்கியது.

"ஆறுமுகப்பெருமாள் சார் இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தூணு" என்றார் மானேஜர். இத்தனை வருஷத்தில் அவரை 'ஓய் கணக்கு' என்று மட்டுமே கூப்பிட்டவர். "தூணு போனா கூரை நிக்குமா?"

"சார் இல்லாத பள்ளிக்கூடம், பேச்சிப்பாறை அணைத் தண்ணி வராத வயலு!" என்று ஹெட்மாஸ்டர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

முன்வரிசையில் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மானேஜரின் மருமகன், பி.ஏ. பாஸாகி வேலையில்லாமல் நிற்கிற தங்கை மகன், அவன்கூட விசும்பினான்.

ஏத்தங்காய் உப்பேரி வறுவலும் காப்பியும் வந்தன. தாணம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். உதடு துடிக்கிறது. போச்சு!

ஆறுமுகப்பெருமாள் எழுந்தார்.

"எம்மேல இவ்வளவு பிரியம் வச்சிருக்கியோன்னு தெரியாமப் போச்சே!" என்றார். "இத விட்டுட்டு எனக்கு என்னத்துக்கு அபிசீனியா? நான் போகல்ல. ராஜினாமாவத் திருப்பித் தாருங்கோ."

'ஐயோ, பசு!' என்று மட்டும்தான் தாணம்மாளுக்கு வாய்க்குள் வந்தது.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மானேஜரின் காப்பி வேட்டியில் கொட்டியது. மருமகனின் கண்ணீர் அந்த நிமிஷமே வற்றிவிட்டது.

கடைசி பெஞ்சு மட்டும் தடதடத்தது. வள்ளிநாயகம் எழுந்து, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, ஆறுமுகப்பெருமாளை இடித்துக்கொண்டு நின்றார். வேப்பங்காய் முகம் எங்கே போயிற்றோ!

"போட்டாக்காரரே, இப்பம் எடும். நான் நிக்கேன்!"

"நீரா?" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

"பின்னெ? நீரு போயிட்டா இந்த ஊர்ல நான் யாருகூட வே சண்டை பிடிப்பேன்? அங்கயும் உம்மகூட மல்லுக்கு நிக்கலாமுன்னுதான நானும் மனுப் போட்டேன்!"

அதற்குள் மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள்.

"அவசரப்படப்பிடாது சார்" என்று மானேஜரின் மருமகனைக் காட்டினார் ஹெட்மாஸ்டர். "உங்க பீரியடு எல்லாத்தையும் இந்தத் தம்பிக்குக் கொடுத்தாச்சே!"

"அபிசீனியாப் பிள்ளைகள் என்ன பாவம் செய்துது?" என்றார் மானேஜர். "கணக்குத் தெரியாம அதுக எப்படிப் பிழைக்கும்? நீங்க போயே தீரணும்."

"தூணு போனா கூரை..." என்று இழுத்தார் ஆறுமுகப்பெருமாள்.

"கூரைய நாங்க பாத்துக்கிடுகோம்!"

ஆறுமுகப்பெருமாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா? கூட்டிக் கழித்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"சரி, போறேன்."

கைதட்டல் வடசேரிச் சந்தைவரை கேட்டிருக்கும்.

வள்ளிநாயகம் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

இசக்கியம்மன் கைவிடவில்லை. தாணம்மாளுக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பெஞ்சை விட்டு எழுந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஓடிப்போய் வள்ளிநாயகத்தின் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, போகப்பிடாது. அவிய பக்கத்துல நில்லுங்கோ. எனக்காக."

நின்றார்.

புதன்கிழமை படம் வந்தது. கூட்டத்தில் கொடுத்த, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலை மாங்காய்ப் பரணிக்கு மூடியாக வைத்துவிட்டு, படத்தைப் பெட்டியில் துணிக்கு நடுவே பத்திரமாக வைக்கப் போன தாணம்மாள், ஒருமுறை பார்த்தாள்.

ஊரை விட்டுப் போகிற மனிதரைச் சுற்றி நின்று எல்லாரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரே ஒரு முகம்தான் வேப்பங்காயைக் கடித்ததுபோல இருந்தது.