ராசா வேசமும் ஒரு கிழட்டு நாயும்

வேலாப்போடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கூத்துப் பாட்டை எடுத்தாலே வெல்லாவெளி ஊர் நாய்களெல்லாம் ஊளையிட்டன.

"ஒரு நாயாவது பேசாமக் கேட்டா உனக்குத்தான் ராசா வேசம்," என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிவிட்டார்.

மறுநாளே மனைவி கண்ணம்மை, சீமைக்குப் போன வேட்டைக்காரத் துரை விட்டுச்சென்ற கிழட்டு நாயைக் கூட்டிவந்தாள்.

"நடக்கவே ஏலாத இது என்னத்துக்குப் புள்ள?"

"பாவம், கெடக்கட்டும். நீங்க பாடுங்க."

அண்ணாவியார் வந்து உட்கார்ந்தார். வேலாப்போடி பாட்டை எடுத்தார். தெரு நாய்கள் ஊளையிட்டன. கிழட்டு நாயோ அவர் காலடியில் கண்மூடிச் சொக்கிக் கிடந்தது. அண்ணாவியார் வாக்கு மாறாமல் வேசத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"வாடா என்ட ராசா!" என்று பூரித்துக் கூவினார் வேலாப்போடி. நாய் திரும்பவில்லை.

கண்ணம்மை பதறி அவர் வாயைப் பொத்தினாள். "அண்ணாவியார் இன்னும் வாசல் படலையத் தாண்டல்ல. துரைட துவக்கு வெடிச் சத்தத்தில அதுக்கு ரெண்டு காதும் எப்பவோ போயிட்டு!"