ஏழு பக்கமும் இருக்கட்டும்

“ஒரு பக்கத்தைக்கூடக் குறைக்காதீங்க மேடம்!”

அரங்கமே கொல்லென்று சிரித்தது. பங்குகளுக்குக் கிடைக்கும் டிவிடெண்ட் வருமானத்துக்கான வரிப் படிவத்தை எப்படி மாற்றலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வரி அலுவலகம் கூட்டிய கூட்டம் அது. ஏழு பக்கத்தை ஒரே பக்கமாக்கச் சொல்லி எல்லாரும் குமுறிக்கொண்டிருக்க, மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் அந்தப் பெரியவர் மட்டும் குறுக்கே விழுந்தார்.

“பொழுது போகலையா பெரியவரே?” பின்வரிசையில் யாரோ கிண்டலடித்தார்.

போகவில்லைதான். அதைச் சபையில் சொல்ல முடியுமா?

கூட்டம் கலைந்ததும், மேடையில் இருந்த அதிகாரி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“நிஜக் காரணத்தைச் சொல்லுங்க ஐயா.”

அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “எனக்கு அதுல தலையும் புரியாது, வாலும் புரியாதும்மா. வருஷா வருஷம் என் பொண்ணுதான் லீவு போட்டு வந்து எழுதுவா. தானே கொடுத்துடறேன்னு கையோட எடுத்துட்டும் போயிடுவா. அந்த ரெண்டு நாள்தான் வீட்ல பேச்சுச் சத்தமே. படிவம் சுருங்கிட்டா, நீங்களே போட்டுக்குங்கப்பான்னு போன்லயே முடிச்சிடுவாளே!”

“சும்மா வந்துட்டுப் போகச் சொல்லலாமே?”

“முன்னெல்லாம் வரட்டுமாப்பான்னு அவளே கேப்பா. எதுக்கும்மா வீண் அலைச்சல்னு நான்தான் வீறாப்பா தடுத்தேன். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டா.”

மனைவி போன பிறகு, வீட்டில் அவர் பேச்சுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

“டிவிடெண்ட் நிறைய வருமோ?”

“நீங்க வேற! வீட்டுக்காரி எப்பவோ வாங்கி வெச்ச பங்கு. ஒரு மாசப் பால் செலவுக்குக் காணும், அவ்வளவுதான்.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். “இந்தத் தொகைக்கு இந்தப் படிவமே வேண்டாமே ஐயா! என்னிக்குமே தேவைப்பட்டதில்ல. பாவம், உங்க பொண்ணு விவரம் தெரியாம எழுதிட்டிருக்காங்க போல.”

“அவளுக்கா விவரம் தெரியாது? அவ ஆடிட்டரும்மா! ஊர் வரிக் கணக்கெல்லாம் அவதான்...” என்று பெருமையாக ஆரம்பித்தவர், பாதியில் அப்படியே நின்றுவிட்டார்.