துறைமுகத்துக்கு வெளியே ஒன்பது நாள்

ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சினுக்குத் தன் வேகத்தில் ஏகப்பட்ட பெருமை. பயணம் முடிந்ததும் அதை அணைத்துவிடுவார்கள். மறுபடி கிளம்பும்போதுதான் விழிக்கும். இடையில் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

இந்த முறை பழுது பார்க்க வந்தவர்கள் தட்டிய தட்டில் பாதியில் விழித்துக்கொண்டது. கடலடியில் கிடந்த நங்கூரத்தைச் சங்கிலி வழியே கூப்பிட்டது.

"ஏம்ப்பா, சரக்கெல்லாம் இறக்கியாச்சா?"

"எங்கே இறக்குறது? துறைமுகத்துக்கு வெளியே ஒன்பது நாளா நிக்கிறோம். நாளைக்குத்தான் உள்ளே இடம்."

"ஒன்பது நாளா! டன் டன்னா எண்ணெயைக் குடிச்சு, வானத்தையே கரியாக்கி ஓடிவந்தேனே!"

"நாளைய தேதியிலதான் இடம்னு கிளம்பும்போதே சொல்லிட்டாங்க."

எஞ்சினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கிளம்பும்போதேவா? அப்போ மெதுவா வந்திருக்கலாமே! பாதி எண்ணெய்கூடச் செலவாகியிருக்காதே!"

"மெதுவா போன்னு யாரும் உத்தரவு போடலையே."

"சரி, இந்த ஒரு தடவைதானே இப்படி?"

நங்கூரம் சேற்றில் இன்னும் கொஞ்சம் புதைந்துகொண்டது.

"சொல்லுப்பா!"

"பதினாறு வருஷத்துல, நான் வெளியே சேத்துல இறங்காம நாம எந்தத் துறைமுகத்துக்குள்ளேயும் போனதில்லை."



மறுநாள் காலை நங்கூரத்தைத் தூக்கினார்கள். அப்போதே அடுத்த பயணத்துக்கான உத்தரவும் வந்துவிட்டது: முழு வேகம்.

"அங்கே நமக்கு என்னிக்கு இடம்?" என்று எஞ்சின் கேட்டது.

நங்கூரம் தன்மேல் ஒட்டியிருந்த சேற்றைக்கூட உதறிக்கொள்ளவில்லை.