மூன்றாவது கால்

மறுநாள் பள்ளியைப் பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. சுவரில் ஒட்டுவதற்காகப் பிள்ளைகளின் படங்களைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர், மணி அடித்ததும் ஒரு படத்தின் மேல் ரப்பரை வைத்துவிட்டு வெளியே போனார். இரண்டாம் வகுப்பு அஞ்சுகம் பென்சிலால் வரைந்த காக்கை அது. அதற்கு மூன்று கால்கள்.

“கொஞ்சம் அசையாம இரு. ஒரு காலை எடுக்கணும்” என்றது ரப்பர்.

“எந்தக் காலை?” என்று கேட்டது காக்கை.

“எதுவா இருந்தா என்ன? உங்க அஞ்சுகத்துக்கு எண்ணத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும்ணே. மதியச் சாப்பாட்டு நேரத்துல இங்க ஒரு காக்கா வருமே, அதுக்கு ஒத்தைக் கால்தான். அது தத்தித் தத்தி வர்றதுக்குள்ள மத்ததுங்க எல்லாத்தையும் தின்னுடும். அதைத்தான் வரைஞ்சா. இனிமே ஒண்ணு போனாலும் ரெண்டு மிச்சம் இருக்கட்டும்னு மூணு போட்டா.”

வராந்தாவில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது. ரப்பர் மெல்ல உருண்டு, மேசையிலிருந்து விழுந்து, பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

டீச்சர் குனிந்து தேடினார். கிடைக்கவில்லை. நேரமாகிவிட்டதால் காக்கையை அப்படியே சுவரில் ஒட்டினார்.

பீரோவுக்கு அடியில் ரப்பருக்கு மனசு ஆறவில்லை. போன வருஷம் ஒரு பையன், வீட்டை விடப் பெரிதாக ஒரு பூட்டு வரைந்திருந்தான். அதைச் சுத்தமாக அழித்தது இந்த ரப்பர்தான். அந்தப் பூட்டிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.