தோலுக்குப் போட்ட குண்டு ‘ள’

கல்லூரி விடுதிப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு துடைப்பக் கட்டையும், அதன் தலையில் கட்டிய ஓர் அட்டையும் வெகுகாலமாகக் கிடந்தன.

ஒருநாள் வெளியே கோஷம் கேட்டது. கட்டைக்குப் பழைய ஞாபகம் பொங்கிக்கொண்டு வந்தது. மெஸ்ஸில் கறுப்பு மாணவர்களுக்கென்று தனி மேசை போட்ட வருஷம் அது. உகாண்டாவிலிருந்து படிக்க வந்த ஒகெல்லோ, சாம்பார் ஊற்றுகிறவரிடம் கற்ற தமிழில் இந்த அட்டையைத் தானே எழுதினான். மேசையை எடுக்கும்வரை எல்லோரும் மழையில் நின்றார்கள்.

“அந்த மழை வாசனை இன்னும் என் உடம்புல இருக்கு,” என்றது கட்டை. “இன்னைக்கும் நம்மளத் தேடி வருவாங்க பாரு.”

“நான் வரல,” என்றது அட்டை. “தோலுக்குப் போய் குண்டு ‘ள’ போட்டுட்டான் அந்தப் பையன். அன்னைக்கே எல்லாரும் சிரிச்சாங்க.”

“சிரிச்சவங்களும் அப்புறம் நம்ம கூடத்தானே நனைஞ்சாங்க?”

“இருந்தாலும் தப்பு தப்புதான்.”

அப்போது மரியசெல்வி என்ற மாணவி குனிந்து உள்ளே பார்த்தாள். தூசியைத் துடைத்துவிட்டு, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

“எல்லோர் தோளும் ஒன்றுதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டை கூனிக் குறுகியது.

சிரித்தபடியே அவள் கட்டையை வெளியே இழுத்தாள். தோளில் சாத்திக்கொண்டு, கோஷம் வந்த பக்கம் நடந்தாள்.